தேயிலைக்கும் அலைக்கும் ஒரே காற்று

ஜூலை பிறந்தால் தெமோதரைப் பக்கத்து மலைகளில் கச்சான் காற்று இறங்கிவிடும். மேற்கே ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தென்மேல் பருவமழை விடாமல் கொட்டும் நாட்களில், இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். காற்று மட்டும் இரவு பகலாக வீசும். லயத்துக் கூரைத் தகரங்கள் படபடக்கும். பறந்துவிடாமல் இருக்க மேலே ஏற்றிவைத்த கற்களும் பழைய டயர்களும் அசையும். கொழுந்தின் ஓரம் சுருளத் தொடங்கும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதும் இதே மாதங்களில்தான். பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், ரயிலுக்குக் கை காட்டுகிறார்கள், ஓரிரு நாள் எல்லவில் தங்குகிறார்கள். பிறகு ஒரு விடியற்காலை வேன் பிடித்துக் கிழக்கே இறங்குகிறார்கள். சில வேன்களின் கூரையில் நீண்ட பலகைகள் கட்டியிருக்கும். அவர்கள் போகுமிடம் அறுகம்குடா.

அலைச்சறுக்கு என்றும் சர்ஃபிங் என்றும் சொல்லும் அந்த விளையாட்டுக்காக உலகத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் ஆட்கள் தேடிவரும் கடற்கரை அது. நம் தோட்டங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, அது காற்றில் இருக்கிறது. நம் கொழுந்தைச் சுருட்டி ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த கச்சான், மலையை விட்டிறங்கிக் கிழக்குக் கரையைத் தொடும்போது பொத்துவில் கடலின் அலைகளைச் சீவி நிமிர்த்திவிடுகிறது. தேயிலை ருசியேறும் பருவமும் அறுகம்குடாவில் அலை விளையாடும் பருவமும் ஒன்றாக வருவது அதனால்தான். அந்தக் காற்றுக்குள் ஆண்டுதோறும் நின்று கொழுந்து பறிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தக் கடலில் கால் நனைத்ததில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இந்த இரண்டு உண்மைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதுதான்.

மலை செய்யும் வேலை

இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் பருவக்காற்று இரத்தினபுரி, கினிகத்தேனை, நுவரெலியா என்று மேற்குச் சரிவுகளில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்துவந்ததையெல்லாம் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பையும் அப்புத்தளைக் கணவாயையும் தாண்டி ஊவாப் பக்கம் விழும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்க அழுத்தம் கூடி, சூடும் கூடுகிறது. ஈரக்காற்றாக ஏறியது வறண்ட காற்றாக இறங்குகிறது.

தேயிலைச் செடிக்கு இது சோதனைக்காலம். பகலில் வறட்சி, இரவில் குளிர். தளிர் வளர்வது மந்தமாகிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ள வாசனைப் பொருள்கள் சிலவற்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. அவற்றுள் முதன்மையானது மெத்தில் சாலிசிலேட். ஊவாத் தேநீரைக் குடித்தால் தொண்டையில் ஒரு குளிர்ச்சி தங்குமே, அது இதனால் வருவது. டார்ஜிலிங்கோடும் சீனத்துக் கீமுனோடும் ஊவாவைச் சேர்த்துச் சொல்லும் பெருமையும், ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் தனி மதிப்பும் இந்தக் காற்று தந்தவை. வலிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலங்களிலும் இதே மெத்தில் சாலிசிலேட்தான் இருக்கிறது. கொழுந்துக் கூடை அழுத்திய தோளுக்கு இரவில் தைலம் தடவிக்கொள்ளும் அம்மாமார், பகலில் தாங்கள் பறித்த வாசனையைத்தான் விலைக்கு வாங்கித் தடவிக்கொள்கிறார்கள்.

தேயிலைக்கு விலை கூடும் மாதங்கள் பறிப்பவர்களுக்கு நல்ல மாதங்கள் அல்ல. கச்சானில் கொழுந்து குறையும். மலை முழுக்க ஏறி இறங்கினாலும் கேட்ட நிறை சேராது. நிறை சேராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். பீலியில் தண்ணீர் நூலாகிவிடும். பற்றைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் தீப்பிடிக்கும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. காய்ந்த மலையில் அதையும் முழுதாக எடுப்பது பெரும்பாடாக இருந்தது. காற்றின் வாசம் கோப்பைக்குப் போய்ச் சேர்கிறது. அதன் வறட்சி லயத்தில் தங்கிவிடுகிறது.

கடல் செய்யும் வேலை

இப்போது அலைக்கு வருவோம். அறுகம்குடாவில் உடையும் அலை அங்கே பிறந்தது அல்ல. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து தெற்கே நேர்கோடு இழுத்தால் அந்தாட்டிக்கா வரை நிலமே கிடையாது. அந்த வெட்டவெளிச் சமுத்திரத்தின் தென்பாகத்தில், நமக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையான மாதங்களில், குளிர்காலப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. அவை கிளப்பும் அலைகள் புயலை விட்டு விலகி வடக்கு நோக்கிப் பயணப்படுகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 15 விநாடி இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீற்றர். நம் கரைக்கு வந்துசேர ஐந்தாறு நாட்கள். வழியில் சின்ன அலைகள் களைத்து அடங்கிவிட, நீண்ட இடைவெளியுள்ள வலுவான அலைகள் மட்டும் ஒழுங்கான வரிசையில் மிஞ்சுகின்றன.

அந்த வரிசை தீவின் தென்கிழக்கு முனையைச் சுற்றி வரும்போது கடலடி ஆழம் குறையத் தொடங்குகிறது. ஆழம் குறைந்த பக்கத்து அலை மெதுவாகிறது. ஆழத்தில் உள்ள பக்கம் முன்னைய வேகத்திலேயே போகிறது. அதனால் அலை வளைந்து குடாவுக்குள் திரும்புகிறது. பாறையும் பவளமும் மணலும் கலந்த அந்த முனையில் அது ஒரே மூச்சில் கவிழ்ந்துவிடாமல், ஒரு நுனியில் உடையத் தொடங்கி வரிசையாக உடைந்துகொண்டே கரையோரமாக ஓடுகிறது. சறுக்குகிறவருக்கு வேண்டியது இந்த ஓட்டம்தான். உடையும் நுனிக்கு ஓர் அடி முன்னால், இன்னும் உடையாத வழுவழுப்பான சரிவில் பலகையை வைத்துக்கொண்டு அவர் வலப்பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். நல்ல நாளில், நல்ல அலையில், சில நூறு மீற்றர் தூரம்.

இங்கேதான் நம் காற்று வேலை செய்கிறது. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று அலையின் முதுகில் தள்ளி அதைச் சீக்கிரம் கவிழ்த்துவிடும், முகத்தையும் சுருக்கிவிடும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றோ வரும் அலையின் முகத்தில் கைவைத்துத் தாங்கி நிறுத்துகிறது. அலை இன்னும் சற்று நேரம் நிமிர்ந்து நிற்கிறது, சுத்தமாக உடைகிறது. தென்மேல் பருவத்தில் கிழக்குக் கரைக்கு மேற்குப் பக்கமிருந்து வருவது இந்தக் காற்று. விடியற்காலையில் அது சீராக இருக்கும். வெயிலேறி நிலம் சூடான பிறகு கடற்காற்று எதிர்த்து எழுந்து கலக்கிவிடும். சறுக்குகிறவர்கள் இருட்டோடு எழுந்து பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் காரணம் இதுதான். அதே மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் உள்ள இக்கடுவை, வெலிகம, மிரிஸ்ஸ கரைகள் காற்றில் குலைந்து கிடக்கும். நவம்பரில் பருவம் திரும்பும்போது அந்தக் கரைகள் தெளியும், கிழக்கு கலங்கும். இத்தனை சின்னத் தீவில் ஆண்டு முழுவதும் எங்காவது ஓரிடத்தில் அலை நன்றாக இருப்பதற்குப் பருவக்காற்று இப்படித் திசை மாறுவதே காரணம்.

இறங்கும் வழி

தெமோதரைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ரயில் பாதையின் வளையம். மலை செங்குத்தாக இறங்குவதால் நேராகப் பாதை போட முடியாது. ஸ்டேசனைக் கடந்த ரயில் மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலப்பாவை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரோடு சேர்த்து ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ பொய்யோ, எனக்கு அது பிடிக்கும். தோட்டத்து மனிதருக்கு இந்த ரயில் பாதையின் சரித்திரத்தில் இடம் கொடுக்கும் கதை வேறு அதிகம் இல்லை. ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. ரயில் பதுளையை எட்டியது 1924இல். தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதை இன்று உல்லாசப் பயணியை மேலே ஏற்றிவருகிறது.

தெமோதரையிலிருந்து அறுகம்குடா சுமார் 140 கிலோமீற்றர். எல்ல தாண்டி இராவணன் நீர்வீழ்ச்சியின் அருகால் வெல்லவாயவுக்கு இறங்கி, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல வழியாகப் பொத்துவில். பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்குப் போகும் பாதையும் உண்டு. சியம்பலாண்டுவவைக் கடந்தபின் காடு தொடங்கும். லகுகலையில் குளத்துப் புல்லை மேயும் யானைகளுக்காக வண்டிகள் ஓரமாக நிற்கும். மூன்றரை மணி நேரத்தில் கம்பளி போர்த்திய குளிரிலிருந்து உப்புக்காற்றுக்கு வந்துவிடலாம்.

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் கடலுக்குப் போகும் வழி நம்மிடமிருந்துதான் தொடங்குகிறது. நமுனுகுலத் தொடரில் ஊறும் மாணிக்க கங்கை கதிர்காமத்தில் பக்தர்களை நீராட்டிவிட்டு யால காட்டுக்குள் நுழைந்து கடலைச் சேர்கிறது. தெமோதரையின் ஓடைத் தண்ணீரோ பதுளு ஓயாவில் கலந்து, மகாவலியோடு சேர்ந்து, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் போய் விழுகிறது.

கதிர்காமத்தைச் சொல்லிவிட்டு உகந்தையைச் சொல்லாமல் போக முடியாது. ஆடிவேல் விழாவுக்கு வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வரும் அடியார்கள் பொத்துவிலையும் பாணமையையும் கடந்து உகந்தை முருகன் கோயிலில் தங்குவார்கள். காட்டு வழி திறந்ததும் குமண, யால காடுகளுக்குள் இறங்கிக் கதிர்காமம் நோக்கி நடப்பார்கள். அந்தக் கோயிலுக்கு அருகே, பாறைகள் காவல் நிற்கும் கரையில், அலைச்சறுக்குக்குப் பேர்போன இன்னோர் அலை உடைகிறது. ஜூலை மாதத்துப் பாணமைப் பாதையில் காவடியும் வேலும் ஏந்தி வெறுங்காலில் நடப்பவர்களும், ஓட்டோவின் கூரையில் பலகை கட்டிப் போகிறவர்களும் ஒரே புழுதியில் போகிறார்கள். இலங்கையில் நான் பார்த்த மிக அழகான கூட்டுப் பயணம் இது.

குடாவின் கதை

பலகையில் நின்று அலையேறுவது பசிபிக் தீவுகளின் பழைய கலை. ஹவாய்க்காரர்கள் அரச குடும்பத்தார் முதல் சாதாரணர் வரை அதில் ஈடுபட்டிருந்ததை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஐரோப்பியக் கப்பல்காரர்கள் வியப்போடு எழுதிவைத்தார்கள். 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் டியூக் கஹானமோக்கு, அவுஸ்திரேலியாவரை போய் அதைச் செய்துகாட்டினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது.

அறுகம்குடாவுக்கு அது 1970களில் வந்தது. உலகம் சுற்றித் திரிந்த இளைஞர்கள் பஸ்ஸிலும் லொறியிலும் வந்து, மீனவர் குடிசைகளுக்குப் பக்கத்தில் தங்கி, இந்த அலையைக் கண்டு போய் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு யுத்தம். 1983க்குப் பின் கிழக்குக்குப் போகும் பாதைகள் சோதனைச் சாவடிகளின் பாதைகளாயின. அப்போதும் ஒரு சிலர் வந்துகொண்டிருந்தார்கள் என்பது அந்த அலையின் ஈர்ப்புக்குச் சாட்சி. 2004 டிசெம்பர் 26 காலை வந்த கடல் வேறு. சுனாமி குடாவின் கரையோர வீடுகளையும் விடுதிகளையும் படகுகளையும் வாரிக்கொண்டு போனது. பொத்துவிலையும் அறுகம்குடாவையும் இணைத்த பாலமும் சிதைந்தது. அமெரிக்க உதவியுடன் புதிய பாலம் எழுந்தது. கடலோடு வாழ்ந்த மக்கள் கடலை மன்னித்துத் திரும்பவும் அதன் அருகில் குடிபோக எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை மலையில் இருந்துகொண்டு அளக்க முடியாது.

யுத்தம் முடிந்ததும் விளையாட்டு வளர்ந்தது. 2010இல் சர்வதேசப் போட்டி நடந்தது. 2019இல் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச் சுற்றுப் போட்டியும் அங்கே நடந்தது. வளர்ச்சியோடு வழக்குகளும் வந்தன. பாணமையில் 2010இல் காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகப் போராடின. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடாவில் தாக்குதல் நடக்கலாம் என்று எச்சரித்தபோது, பருவத்தின் கடைசி வாரங்களில் கடற்கரையே பொலிஸ் காவலுக்குள் போனது. தமிழர்களுக்குப் பொத்துவில் என்றால் வேறொரு நினைவும் உண்டு: 2021 பெப்ரவரியில் பொலிகண்டி வரை நடந்த பேரணி புறப்பட்டது அங்கிருந்துதான். பல துயரங்களும் பல மொழிகளும் கலந்த ஊர் அது. மலிவான உல்லாசபுரி என்று மட்டும் அதைப் பார்க்கிறவர்கள் ஊரைப் பார்க்கவில்லை.

பெண்கள் ஏறிய அலை

எனக்கு அறுகம்குடாவில் மிகப் பெரிய செய்தியாகத் தெரிவது போட்டிகள் அல்ல. 2018இல் அங்கே தொடங்கிய பெண்கள் அலைச்சறுக்குக் கழகம். இலங்கையில் பெண்களுக்கென்றே அமைந்த முதல் கழகம் அது. அதன் தலைவியாக ஷமலி சஞ்சயாவின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதுவரை அந்தக் கரையில் உள்ளூர்ப் பையன்கள் வெளிநாட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். அவர்களுடைய சொந்தத் தங்கச்சிகள் கரையில் துணி துவைப்பார்கள், மீன் கழுவுவார்கள். வெயிலில் கறுத்துப்போவாய், ஆம்பிளைகள் பார்ப்பார்கள், கலியாணம் ஆன பிறகு என்ன விளையாட்டு என்ற பேச்சுகளையெல்லாம் கடந்து, தாய்மார் உட்பட ஊர்ப் பெண்கள் பலகையோடு தண்ணீருக்குள் போனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் தங்கிவிட்ட பெண்கள் ஆரம்பத்தில் உதவினார்கள். ஆனால் வீட்டு வாசலில் வாதாடி வென்றது ஊர்ப் பெண்கள்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் இதே போன்ற ஒன்று நடந்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் 2012இல் தன் குப்பத்துப் பிள்ளைகளுக்காக அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைகள் படிப்பை விடக்கூடாது, குடிக்கக்கூடாது என்பது கட்டளை. கட்டுமரத்தில் அலை தாண்டிப் பழகிய சனத்தின் பிள்ளைகளுக்குப் பலகை புதிதாக இருக்கவில்லை. கோவளமும் மாமல்லபுரமும் இந்தியாவின் அலைச்சறுக்குக்குத் தலைநகரம் போல ஆகிவிட்டன. 2025 ஓகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியச் சம்பியன் போட்டி நடந்தபோது கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

கோவளத்துப் பிள்ளைகளுக்குக் கடல் முற்றத்தில் இருந்தது. அறுகம்குடாப் பெண்களுக்கு வேலிக்கு அப்பால் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு மூன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் தடை தூரம் மட்டுமல்ல.

தண்ணீர் தெரியாத பிள்ளைகள்

தோட்டத்துப் பிள்ளை தண்ணீரை அறிந்துகொள்வது பீலியில். குனிந்து நின்று வாளியால் மொண்டு ஊற்றிக் குளிப்பது. சில இடங்களில் ஓயாவில் முழங்கால் வரை. நீச்சல் படிக்க இடமுமில்லை, கற்றுக்கொடுக்க ஆளுமில்லை. ஆழமான தண்ணீரைக் கண்டால் அப்பா அம்மாமார் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு வேறு பாதுகாப்புத் தெரியாது. இராவணன் நீர்வீழ்ச்சியிலும் தியலும வீழ்ச்சியிலும் நீராடப் போனவர்கள் திரும்பாத செய்திகளைப் பதுளை மாவட்டத்தில் இருக்கும் யாரும் படிக்காமல் இருந்திருக்க முடியாது. பாடசாலைச் சுற்றுலா கடற்கரைக்குப் போனால் ஆசிரியர்களுக்கு நாள் முழுக்க நெஞ்சு பதைக்கும். நீந்தத் தெரியாத அறுபது பிள்ளைகளைக் கடலோரம் வைத்துக்கொண்டு இருப்பது அவ்வளவு பெரிய பாரம்.

கடலைத் தாண்டி வந்த சனம் நாம். தூத்துக்குடியிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் தோணியில் வந்து, மன்னார்க் காட்டு வழியே நடந்து மலையேறியவர்களின் வாரிசுகள். 2023இல் அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். ஒருமுறை கடல் தாண்டியபின் மூன்று நான்கு தலைமுறை மலையைவிட்டு இறங்கவில்லை. தோட்டம் பிள்ளைகளை லயத்தோடு கட்டிவைத்தது. 1948இல் பறிபோன குடியுரிமை நாட்டின் மற்ற இடங்களை அந்நியமாக்கியது. உல்லாசப் பயணம் என்றால் கதிர்காமம், மிஞ்சினால் நுவரெலியா. கடலை நாம் மறந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். கடலுக்குப் போகும் பஸ்காசும் ஓய்வு நாளும் நமக்குத் தரப்படவில்லை.

ஆனால் கடல் நம்மிடம் வராமல் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வங்கக் கடலின் தண்ணீரையெல்லாம் மலையில் கொண்டுவந்து இறக்கியது. பதுளை மாவட்டம் மண்சரிவில் தத்தளித்தது; லயங்கள் புதைந்தன, மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. காற்றையும் மழையையும் வாசிக்கத் தெரிவது கரையோரத்து மீனவருக்கு மட்டும் வேண்டிய அறிவு அல்ல என்று அந்த வாரம் காட்டியது. அலைச்சறுக்குப் பழகுகிறவர்கள் தினமும் காற்றின் திசையையும் வேகத்தையும் அலையின் இடைவெளியையும் பார்க்கிறார்கள். வானிலை வரைபடம் அவர்களுக்குப் பஞ்சாங்கம். எங்கள் பாடசாலைகளில் புவியியல் பாடத்தில் பருவக்காற்று வருகிறது. அதை ஜன்னலுக்கு வெளியே அசையும் சவுக்கு மரத்தோடும் பொத்துவிலில் உடையும் அலையோடும் சேர்த்துக் காட்டினால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

எல்லவில் ஹோட்டல், ஓட்டோ, தேநீர்க்கடை, வழிகாட்டி வேலைகளில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பருவமும் காற்றோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. பலகை கற்றுக்கொடுப்பவர், உயிர்காப்பாளர் என்று அறுகம்குடாவில் உள்ள வேலைகளுக்கு மட்டும் அவர்கள் போவதில்லை, ஏனென்றால் முதல் தகுதி நீச்சல். மாகாண சபையும் கல்வி வலயங்களும் பதுளையிலோ பண்டாரவளையிலோ தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று முறையான நீச்சல் வகுப்பு நடத்தட்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அவரை இராவணன் நீர்வீழ்ச்சிக்கு அருகில் உள்ள எச்சரிக்கைப் பலகையின் முன்னால் நிறுத்த வேண்டும். அழகுக்காகவும் கேட்கிறேன். வாழ்நாள் முழுவதும் காற்றுக்கு எதிராக நிற்கும் ஒரு பெண், ஒரு காலையிலாவது அந்தக் காற்று தன் எதிரே ஓர் அலையை நிமிர்த்துவதைப் பார்க்கட்டும்.

போகிறவர்களுக்கு

ஆடியில் உகந்தை வழியாகக் கதிர்காமம் போகிற குடும்பங்கள் அறுகம்குடாவில் அரைநாள் இறங்கலாம். முதன்முதலில் பலகை தொடுகிறவர்கள் பெரிய முனைக்குப் போகக் கூடாது. அங்கே கடலடியில் பாறையும் முள்ளும் இருக்கின்றன, பழகியவர்களின் நெரிசலும் அதிகம். குடாவுக்குள்ளேயே குழந்தை முனை என்று சொல்லப்படும் இடத்தில் மணல் தரையும் சின்ன அலையும் உண்டு. பாணமைப் பக்கத்து நிலக்கடலைத் தோட்டக் கரையில், பீனட் ஃபார்ம் என்று எல்லாரும் சொல்லும் இடத்திலும் தொடக்கக்காரர்கள் பழகுகிறார்கள். அந்தப் பாதையில் மாலை மங்கியபின் யானை வரும்.

பழகத் தொடங்குவது நிலத்தில். பலகையை மணலில் வைத்துக் குப்புறப் படுத்து, கை ஊன்றி, ஒரே எழும்பலில் இரண்டு காலையும் கொண்டுவந்து பக்கவாட்டில் நிற்கப் பழக்குவார்கள். முழங்காலை மடித்து, பார்வையைக் காலடியில் வைக்காமல் போகும் திசையில் வைக்க வேண்டும். பிறகு இடுப்பளவு தண்ணீரில், உடைந்து நுரையாக வரும் அலையில். மென்மையான மேற்பரப்புள்ள பெரிய பலகைதான் கொடுப்பார்கள். அதன் கயிறு கணுக்காலோடு கட்டியிருக்கும், விழுந்தால் பலகை விட்டுப் போகாது. விழும்போது தலையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். அலை உடையும் நுனிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம், மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இது கடலில் எழுதாத சட்டம். கரையிலிருந்து கடலுக்கு இழுத்துச் செல்லும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தி மூச்சை வீணாக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் கற்றுக்கொடுப்பவரின் கைக்கெட்டும் தூரத்தை விட்டு, இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போகவே கூடாது.

காலை ஆறு மணிக்கே தண்ணீருக்குப் போய்விடுங்கள், காற்று கரையிலிருந்து வரும் நேரம் அது. பலகை கடற்கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கற்றுக்கொடுப்பவர்களில் பொத்துவில்காரர்கள் பலர். தமிழிலேயே கேட்டுப் படிக்கலாம்.